மரக்குழுவின் ஏழாவது பெயர்

குழுவுக்கு ஆள் சேர்க்கிற வேலையில் முதலில் பயப்படுவது நாம் தேடிப் போகிற ஆள். கடைசியில் பயப்படுவது நாம். ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்க, ரேஷன் கார்டு கணக்கெடுக்க, மகளிர் குழுவுக்குக் கூட்டம் சேர்க்க என்று கையில் ஒரு ஃபைலோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நாய் நம்மைப் பார்த்துக் குரைக்கும், ஆள் நம்மைப் பார்த்து ஒளிவார்.

நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். யாரும் நிறுத்தவில்லை. பிடிக்கவில்லை, நின்றுவிட்டேன். வீட்டில் சும்மா இருந்தால் மிளகு பறிக்க விடுவார்கள் என்று, பதினெட்டு முடிந்ததும் கொல்லிமலையில் எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் தற்காலிக வேலைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் பதிவு போடும் வேலை என்றார்கள். போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் ரிப்பேர். அதனால் என்னை மரக்குழுவுக்கு ஆள் பிடிக்க அனுப்பினார்கள்.

காகிதத்தில் அதன் பெயர் பல்லுயிர் மேலாண்மைக் குழு. ஊராட்சி எல்லைக்குள் இருக்கிற மரம், செடி, விதை, பூச்சி எல்லாவற்றையும் ஏட்டில் ஏற்றிப் பார்த்துக்கொள்ள ஏழு பேர் வேண்டும். தேர்தல் கிடையாது, ஊராட்சியே பார்த்து நியமிக்கலாம். இவ்வளவுதானே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். என் வயசு அப்படி.

*ஏணி மேல் இருந்தவர்*

முதல் நாள் திண்ணனூர் நாட்டுப் பக்கம் போனேன். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் அரைமணி நடை. மரம் செடி பற்றி நன்றாகத் தெரிந்தவர் என்று ஒருவரைக் காட்டினார்கள். அவர் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சியில், ஒற்றை மூங்கில் ஏணியில் கால் வைத்து மிளகு பறித்துக்கொண்டிருந்தார். கீழே நின்று, "ஏனுங்க, ஒரு கையெழுத்து வேணுங்க" என்றேன். பறித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"எதுக்குங்க சாமி?" என்றார். குழு, மரம், ஏடு என்று கத்திக் கத்திச் சொன்னேன். கழுத்து வலித்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எங்கப்பன் ஆயுசுல ஒரே ஒரு கையெழுத்துதான் போட்டாருங்க. ஓடையோரக் காடு போயிருச்சு" என்றார். எங்கள் பக்கம் காடு என்றால் சாகுபடி நிலம். அந்தக் கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். அவர் தோளில் தொங்கிய கோணி நிறைந்துவிட்டது, இறங்கித்தான் ஆகவேண்டும், ஆனால் இறங்கவில்லை. ஏணி லேசாக ஆடியது. காற்று இல்லை, அவர் கால்தான் நடுங்கியது. "கீழ வாங்க, எழுத மாட்டேன்" என்றேன்.

"எறங்குனா எழுதிக்குவீங்க சாமி. நீங்க போங்க, நான் பொழுது சாஞ்சு எறங்கிக்கறேன்."

*ஆறு பேர் எப்படி வந்தார்கள்*

ஒரு வாரம் அலைந்து ஒரு பெயரும் இல்லாமல் திரும்பினேன். ஊராட்சி செயலர் மாணிக்கம் அண்ணன் சிரித்தார். நல்ல மனிதர்தான். யார் எது சொன்னாலும் சரி என்பார், அதுதான் அவரிடம் இருக்கும் ஒரே கோளாறு. மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஆறு பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. ஊராட்சித் தலைவரின் மச்சான். மச்சானின் மனைவி. மச்சானின் தங்கை. தலைவருக்கு ஓட்டுச் சேர்த்துக் கொடுத்த ரெண்டு பேர். தலைவரின் காரை ஓட்டுகிற ஆள்.

"அப்புறம் என்னை எதுக்குங்கண்ணா நடக்க விட்டீங்க?" என்றேன். பெண் இன்னும் ஒருத்தர் வேண்டுமாம். அதுவும் காட்டில் வேலை செய்கிற, விதை தெரிந்த பெண்ணாக இருக்க வேண்டுமாம். மேலே இருந்து ஆய்வுக்கு வந்தால் காட்ட ஒருத்தராவது நிஜமான ஆள் வேண்டும். தலைவர் வீட்டில் அப்படி யாரும் இல்லை. அவர்கள் வீட்டில் விதை என்றால் பூசணி விதைதான், அதுவும் வறுத்தது. "சம்மதம்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க அண்ணா" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நமக்குப் பேருதான் வேணும் கண்ணு. ஆளு வேண்டாம்."

*இரண்டு பொட்டலம்*

பாப்பாத்தி அக்கா என்று ஒருத்தர் இருந்தார். சாமை, தினை, கேழ்வரகு எதைக் கையில் கொடுத்தாலும் எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்வார். இரண்டு முறை போய்க் கேட்டேன். முடியாது என்று சொல்லவில்லை, முடியும் என்றும் சொல்லவில்லை. "சாமிகிட்ட பூக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். எங்கள் பக்கம் கல்யாணம், கிணறு, வழக்கு எதுவானாலும் அப்படித்தான். வாழை இலைத் துண்டில் ஒரு வெள்ளைப் பூவும் இன்னொன்றில் ஒரு சிவப்புப் பூவும் வைத்துத் தெரியாமல் மடித்து, சாமி முன்னால் போடுவார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஊரே வந்திருந்தது. மூன்று வயசுக் குழந்தை ஒன்று குடுகுடுவென்று போய் ஒரு பொட்டலத்தை எடுத்தது. சிவப்பு. பாப்பாத்தி அக்கா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் ரெண்டு மணி நேரம் நடந்து வந்திருந்தேன். எரிச்சலில் என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் குனிந்து மிச்சம் இருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். அதிலும் சிவப்பு.

"சாமி பொட்டலத்தைப் பிரிச்ச கை சும்மா இருக்காது" என்று பின்னால் ஒரு பெண் முணுமுணுத்தது காதில் விழுந்தது. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனால் அந்தப் பூவை மறுபடி இலையில் மடிக்கப் பார்த்தேன். பூசாரி எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். என் கையிலிருந்த பூவை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"சாமிக்கும் பயம் இருக்குமில்ல கண்ணு."

*ரேங்க் கார்டுப் பழக்கம்*

இதிலிருந்து என் தப்பு ஆரம்பிக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டியல் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகவேண்டிய கடைசி நாள். பதினோரு மணி பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும். மணி பத்தரை. ஏழாவது கட்டம் காலி. மாணிக்கம் அண்ணன் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பேனாவை எடுத்து எங்கள் அம்மா பெயரை எழுதினேன். பழனியம்மாள். தொழில், விவசாயம். மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் மிளகும் போடுகிறவர், விதை தெரியும், எல்லாம் உண்மை. சம்மதம் என்ற இடத்தில் மட்டும் கையெழுத்து வேண்டும்.

அம்மா கையெழுத்து எனக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே அத்துப்படி. அப்பா கேரளாவில் வேலை, அம்மா பொழுதுக்கும் காட்டில். கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கின ரேங்க் கார்டை யாரிடம் காட்டுவது? நானே போட்டுக்கொள்வேன். அம்மா தன் பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிடுவார். நான் அதன் கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே ரெண்டு புள்ளி வைப்பேன். அப்படி இருந்தால்தான் அதிகாரி கையெழுத்து மாதிரி இருக்கிறது என்று எனக்கு நினைப்பு. அன்றைக்கும் கோடு, ரெண்டு புள்ளி. மாணிக்கம் அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். எங்கள் வீடு அங்கிருந்து ஒரு மணி நேர நடை என்று அவருக்குத் தெரியும்.

"உங்கம்மா அதுக்குள்ள வந்துட்டுப் போயிட்டாங்களா? நல்ல நடை கண்ணு."

*பால் பொங்குவதற்குள்*

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நானே மறந்துவிட்டேன். பிறகு ஒருநாள் மாணிக்கம் அண்ணன் ஒரு தாளைக் கொடுத்து, "அம்மாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துரு" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறு கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரர் பாலை அடுப்பில் வைத்தார். அது பொங்குவதற்குள் நான் போட்டு முடித்துவிட்டேன். கோடு, ரெண்டு புள்ளி.

படித்தேனா என்றால் இல்லை. "மேற்படி" என்று ஆரம்பித்து "ஆட்சேபணை இல்லை" என்று முடிந்தது. நடுவில் இருந்தது பெரிய பெரிய வார்த்தை. பள்ளிக்கூடத்தையே பொறுமையில்லாமல் விட்டவள் மேற்படியையா படிக்கப் போகிறேன்? பக்கத்தில் தலைவரின் மச்சான் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓடையோரம் டூரிஸ்ட்டுகளுக்கு லாட்ஜ் கட்டுகிறவர். நான் போட்டதை எட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் சந்தோஷமாகச் சொன்னார்:

"படிச்ச புள்ளைங்க வேலைக்கு வந்தா எல்லாம் எவ்வளவு சுலபமா முடியுது பாருங்க."

*ஜீப் சத்தம்*

அடுத்த வாரம் ஓடைக்கரையில் நாலு பெரிய நாவல் மரம் விழுந்தது. புறம்போக்கு நிலத்தில் நின்ற மரங்கள். வெட்டினது மச்சானின் ஆட்கள். யாரோ நாமக்கல்லுக்குப் புகார் எழுதிவிட்டார்கள். மரக்குழுவே ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறது என்று மச்சான் தாளைக் காட்டிவிட்டார். ஏழு கையெழுத்து. அப்படியென்றால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த ஏழு பேர். அலுவலகத்துக்கு வந்த நகலைப் படித்தபோதுதான் எனக்கு இது தெரிந்தது. இந்த முறை மேற்படியிலிருந்து கடைசி வரை படித்தேன்.

அதற்குப் பிறகு வளைவில் ஜீப் சத்தம் கேட்டாலே சோறு இறங்காது. காய்கறி ஏற்றப் போகிற ஜீப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் அது எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்வரை மூச்சு விட மாட்டேன். அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். வாயைத் திறப்பேன், "உப்புப் பத்தலை" என்று எதையாவது சொல்லி மூடிக்கொள்வேன். போலிக் கையெழுத்துக்கு ஜெயில் என்று செல்போனில் தேடிப் பார்த்து வைத்திருந்தேன். எத்தனை வருஷம் என்றும் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

கடைசியில் தலையாரி வந்து அம்மா கையிலேயே நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். என்னிடம் நீட்டினார். "விசாரணைக்கு வரணுமாம்" என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். "தெரியலைம்மா" என்றேன். அம்மா பரண் மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கி, நிலத்துப் பட்டாவை எடுத்து, பழைய சேலையில் சுற்றி, பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் கொண்டுபோய்ச் செருகி வைத்துவிட்டு வந்தார். கை மண்ணைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"வேற எதைக் கேட்டாலும் குடுத்துப்புடலாம் கண்ணு. காட்டை மட்டும் கேக்காம இருந்தாச் சரி."

*தாள் மேஜைக்கு வந்தது*

விசாரணை எங்கள் அலுவலகத்திலேயே நடந்தது. நாமக்கல்லிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்திருந்தார். அமைதியாகப் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. ஆறு பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். கையெழுத்து எங்களுதுதான், செயலர் கேட்டாரு, போட்டோம். மாணிக்கம் அண்ணன் சுவரோடு சுவராக நின்றார். நான் கதவோரம் ஃபைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழாவதாக அம்மா. காட்டுக்குப் போகிற சேலையில்தான் வந்திருந்தார், காலில் செம்மண்.

அதிகாரி தாளை அம்மா பக்கம் திருப்பி வைத்தார். "இது உங்க கையெழுத்துதானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க, போட்டது யாருன்னு போலீஸ் பாத்துக்கும். ஆமான்னா மரத்துக்கு நீங்களும் பதில் சொல்லணும்" என்றார். அம்மா குனிந்து பார்த்தார். பெயரைப் பார்த்தார். அப்புறம் கோட்டை. அப்புறம் அந்த ரெண்டு புள்ளியில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மை என்னவென்றால், நான் வாயைத் திறக்கவில்லை.

"என்னோடதுதாங்க அம்மா. படிக்காமப் போட்டுட்டனுங்க, தப்புதானுங்க."

*திரும்பி வரும் வழி*

வீடு வரும்வரை ஒரு மணி நேரம். அம்மா முன்னால் நடந்தார், நான் பின்னால். பாதி வழியில் அழ ஆரம்பித்தேன். அம்மா நடையை நிறுத்தவில்லை. வெட்டின நாவல் மரங்கள் இருந்த இடம் வந்தபோது மட்டும் அம்மா நின்றார். அடிமரத்தில் நீர் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. "அந்த ரேங்க் கார்டெல்லாம் பெட்டியிலதான் கெடக்குது. நானும் பாத்துட்டு, மார்க்குதானேன்னு விட்டுப்புட்டேன்" என்றார். நான் மன்னிப்பு மாதிரி எதையோ உளறினேன். அம்மா அதைக் கேட்கிற நிலையில் இல்லை. வேறெதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து இனி நானே போட்டுக்கறேன். கூட்டத்துக்கு நீ வந்து படி."

*படிக்கிறவள்*

விசாரணை முடிவு இன்னும் வரவில்லை. அபராதமா, வழக்கா, எச்சரிக்கையா, யாருக்கும் தெரியாது. பட்டா இன்னும் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில்தான் இருக்கிறது. குழுவைக் கலைக்கச் சொல்லியும் உத்தரவு வரவில்லை, அதனால் கூட்டம் போட்டார்கள். அம்மா வந்துவிடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு நாற்காலியே போடவில்லை. நான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டேன். கம்ப்யூட்டர் இன்னும் ரிப்பேர்தான்.

மாணிக்கம் அண்ணன் தாளை நகர்த்தி, "இங்க ஒரு கையெழுத்துங்க அக்கா" என்றார். அம்மா தாளைத் தொடவில்லை. "அவ படிக்கட்டுமுங்க" என்றார். எழுந்து நின்று படித்தேன். ரெண்டு இடத்தில் தடுக்கி, மறுபடி ஆரம்பித்தேன். லாட்ஜுக்கு வண்டி போக வழி வேண்டும், அதற்கு ஆறு பலா மரத்தை எடுப்பதில் குழுவுக்கு ஆட்சேபணை இல்லை. அம்மா மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். "இதுக்கு நான் போட மாட்டனுங்க. போடலைன்னும் எழுதிக்குங்க" என்றார்.

தலைவரின் மச்சான் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். எங்கள் காட்டுக்குப் போகிற வழி அவர் நிலத்தை ஒட்டித்தான் போகிறது. அம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டு, காட்டில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். மாணிக்கம் அண்ணன் வாசல்வரை எட்டிப் பார்த்து, அவர் போய்விட்டார் என்று தெரிந்ததும் அலமாரியைத் துழாவ ஆரம்பித்தார்.

"உறுப்பினரை நீக்கறதுக்குன்னு ஒரு ஃபாரம் இருந்துச்சே, அதை எங்க வெச்ச கண்ணு?"

ஆள் வராத குழுவுக்கு ஒரு பெயரை எழுதிவிடுவது பால் பொங்குகிற நேர வேலை. அந்தப் பெயர் ஒருநாள் செம்மண் காலோடு நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் நான் கொண்டு அலைந்த எந்த ஃபாரத்திலும் எழுதியிருக்கவில்லை.